படக்கதையைப் பழிக்கலாமா?

நூலென்றால் ஓடியொளியும் சிறுவன், நகைச்சுவைப் படக்கதையைக் கண்டால் ஊன்றி அமர்கின்றான். பெற்றோரோ, "இதுவும் ஒரு படிப்பா?" என்று அதனைப் பறித்தெறிகின்றனர். அவன் கையில் தங்கிய ஒரே நூல் அது என்பதை அவர்கள் உணர்வதில்லை.

அமெரிக்க நாட்டில் 1966-இல் பிறந்த தேவு பில்கி, எழுத்தைக் கோத்துப் படிக்க இடர்ப்பட்டவர். ஓரிடத்தில் கருத்தூன்றி இருக்கவும் மாட்டாதவர். ஆசிரியர்கள் அவரை அடிக்கடி நடைவழியில் அமர்த்தினர். அங்கிருந்தவாறே அவர் சிரிப்பூட்டும் படக்கதைகளை வரைந்தார். இரண்டாம் வகுப்பில் அவர் படைத்த உள்ளாடை வீரனே 1997-இல் நூலுருப் பெற்றான். 2016-இல் 'நாய்மாந்தன்' வரிசை தொடங்கிற்று. வகுப்பு வெளியே தள்ளிய சிறுவர், படிக்க மறுத்த சிறாரை நூலுக்குள் ஈர்த்தார்!

எதிர்ப்பும் எழாமலில்லை. அமெரிக்க நூலகக் கழகத்தின் 2012, 2013-ஆம் ஆண்டுப் பட்டியல்களில், மிகுதியான எதிர்ப்புக்குள்ளான நூல்களுள் முதலிடம் உள்ளாடை வீரனுக்கே! சொல் தகாதது, அகவைக்கு ஒவ்வாதது என்பன குற்றச்சாட்டுகள். அவற்றை முற்றும் தள்ளிவிட இயலாது. ஆயின், களையிருக்கிறதென்று வயலையே கொளுத்துவார் உண்டோ?

தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டனுள் நகையையே முதற்கண் வைத்தார். எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கும் அதன் நிலைக்களன் என்றார். இந்நான்கும் சிறுவர் உலகில் நாள்தோறும் காண்பனவல்லவோ? படம் பாதி சொல்லும். மீதியை எழுத்து சொல்லும். எழுத்தைப் படித்தாலன்றிச் சிரிப்பு வாராது. அச்சிரிப்பே படித்ததற்குக் கைம்மேற் பரிசு. ஒரு கட்டத்திற்கும் மறுகட்டத்திற்கும் இடையே நிகழ்ந்ததை உய்த்துணர்வதும் படிப்பே. 'எனக்குப் படிக்க வராது' என்று தன்னையே தாழ்த்திக்கொண்ட பிள்ளை, ஒரு நூலை முடித்தபின் அச்சொல்லை மறக்கத் தொடங்குகின்றான்.

தமிழிலும் 1972-இல் தொடங்கிய 'முத்து' படக்கதை இதழ், இரும்புக்கை மாயாவியைத் தந்து சிறுவர் பலரைப் படிக்க வைத்தது. ஆயினும் அம்மாயாவி ஆங்கில நாட்டிலிருந்து வந்தவனே. நம் மண்ணின் குறும்பும், நம் பாட்டிமாரின் விடுகதையும், பிழையற்ற எளிய தமிழும் கொண்ட படக்கதைகள் பெருக வேண்டாவா? ஓவியரும் புலவரும் கூடி உழைத்தால் இது கைகூடும்.

படக்கதை படியே, மாடமன்று. முதற்படியை இடித்துவிட்டு, "மேலே ஏறு" என்று பிள்ளையை அதட்டுவதில் பயனென்ன? தமிழாசிரியர் நல்லனவற்றைத் தேர்ந்து வகுப்பில் வைக்கட்டும். இன்று தமிழில் சிரித்த பிள்ளையே நாளை தமிழில் சிந்திப்பான்!