ஹனிபாவின் பாடலும் கைக்கூலிக் கணக்கும்

இசைமுரசு நாகூர் இ.எம். ஹனிபா (1925–2015) அவர்களின் ஒலிநாடாக்களுள் சிறந்தது எது என்று வினவினால், கள்ளக்குறிச்சி முதல் கல்வராயன் மலையடிவாரம் வரை நம் வீடுகளில் ‘இறைவனிடம் கையேந்துங்கள்’ உள்ள நாடாவையே எடுத்து நீட்டுவர். எம்மதத்தவரும் விரும்பும் பாடல். அதன் உயர்வை நாம் மறுக்கவில்லை. ஆயினும் நம் தேர்வு ‘பாத்திமா வாழ்ந்த முறை உனக்குத் தெரியுமா’ உள்ள நாடாவே. முன்னது ஆறுதல் தருகிறது. இதுவோ கேட்பவரையே கேள்வி கேட்கிறது.

அக்கேள்வி பெண்களுக்கு மட்டும் என்று ஆண்கள் நழுவிக்கொள்வதைத்தான் நம்மால் ஏற்க இயலவில்லை. நிக்காஹ் மண்டபத்தில் ஒலிபெருக்கி இப்பாடலை முழங்கும். பின்னறையில் கைக்கூலி எண்ணப்படும். ‘அன்பளிப்பு’ என்று பெயர் மாற்றினால் அது ஹலாலாகிவிடுமா? அன்னை பாத்திமா (ரலி) அவர்களுக்கு அலீ (ரலி) அவர்கள் மஹராகக் கொடுத்தது தம் போர்க்கவசத்தை. கொடுத்தவர் மணமகன், பெற்றவர் மணமகள். திரிகை சுற்றிக் கை காய்த்துப்போன அன்னையார் பணியாள் வேண்டிச் சென்றபோது, நபி (ஸல்) அவர்கள் கற்பித்தது உறங்குமுன் ஓதும் தஸ்பீஹ்: ஸுப்ஹானல்லாஹ் 33, அல்ஹம்துலில்லாஹ் 33, அல்லாஹு அக்பர் 34. அத்தகைய வீட்டைப் புகழ்ந்து பாடிக்கொண்டே, பைக்குக்கும் பவுனுக்கும் பெண்வீட்டாரிடம் பட்டியல் நீட்டுகிறோம்!

ஜமாஅத்தார் நிக்காஹ் பதிவேட்டில் மஹரை எழுதும்போது, கைக்கூலி எவ்வளவு என்று சபையில் கேட்டு அதையும் எழுதட்டும். அதுவரை மண்டபங்களில் அப்பாடலை ஒலிக்க வேண்டாம். ஹனிபா அவர்கள் பாடிய வேறு நாடாக்கள் ஏராளம் உள்ளன.