புதைந்த கடைவாய்ப்பல்: எடுக்கும் முன் எண்ணுவோம்

பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு வயதை ஒட்டிக் கீழ்த்தாடையின் இருபுறமும் இரண்டாம் கடைவாய்ப்பல் முளைக்க வேண்டும். சிலருக்கு அப்பல் நேராக மேலெழாமல், முன்னிருக்கும் முதல் கடைவாய்ப்பல்லின்மேல் சாய்ந்து, ஈறுக்கு அடியிலேயே சிக்கிக்கொள்கிறது. பெரும்பாலும் வலி இருப்பதில்லை. ஆகவே வீட்டில் எவரும் அறிவதில்லை. வேறு காரணத்துக்காக எக்ஸ்ரே எடுக்கும்போதுதான் தெரியவருகிறது. அப்போது சில பெற்றோர், "தானாக வளர்ந்துவிடும்" என்று காத்திருக்கின்றனர். வேறு சிலர், "ஒரு பல்தானே, எடுத்துவிடுங்கள்" என்கின்றனர். இவ்விரு முடிவுகளுக்கும் முன்பாக, பல்லை நிமிர்த்தி அதன் இடத்தில் நிறுத்த இயலுமா என்று ஆராய வேண்டும் என்பதே எங்கள் கருத்து.

ஞானப்பல் புதைந்திருந்தால் எடுத்துவிடுவது வழக்கம். அது இல்லாமலே நன்றாக மெல்ல இயலும். அதே அளவுகோலை இரண்டாம் கடைவாய்ப்பல்லுக்கும் வைப்பது பொருந்தாது. உணவை அரைப்பதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. அது இல்லையேல், எதிரே தாங்கல் இழந்த மேற்பல் காலப்போக்கில் கீழிறங்கவும் கூடும்.

வெறுமனே காத்திருப்பதிலும் இழப்பு உண்டு. சாய்ந்த பல்லுக்கும் முன்பல்லுக்கும் இடையே உணவுத்துகள் தங்குகிறது. அவ்விடத்தைப் பிரஷ் எட்டுவதில்லை. அதனால் நல்ல நிலையிலிருந்த முதல் கடைவாய்ப்பல்லிலும் சொத்தை விழலாம்; சில வேளைகளில் அதன் வேரும் அரிக்கப்படலாம். இதற்கிடையே புதைந்த பல்லின் வேர் முழுமையாக வளர்ந்துவிட்டால், அதனை நகர்த்துவது கடினமாகிறது. வேர் வளர்ந்துகொண்டிருக்கும் பதினொன்று முதல் பதினான்கு வயது வரையிலான காலமே இச்சிகிச்சைக்கு உகந்தது.

சிகிச்சையின் முறை அஞ்சத்தக்கதன்று. சாய்வு சிறிதாயின், இரு பற்களுக்கிடையே மெல்லிய பித்தளைக் கம்பியையோ ரப்பர் வளையத்தையோ பொருத்துவதே போதுமானதாகலாம். ஆழமாகப் புதைந்திருந்தால், மரத்துப்போக ஊசியிட்டு, ஈற்றைச் சற்றே விலக்கி, பல்லின்மேல் சிறு உலோகப் பொத்தானை ஒட்டுகின்றனர். அதனுடன் இணைத்த கம்பியோ ஸ்பிரிங்கோ பல்லை மெல்ல நிமிர்த்துகிறது. பிடிமானத்துக்காகத் தாடை எலும்பில் சிறு திருகு பொருத்துவதும் உண்டு. பின்னாலிருக்கும் ஞானப்பல் தடையாக இருப்பின் அதை எடுக்க நேரலாம். பல மாதங்கள் பொறுமை வேண்டும்.

எல்லாப் பற்களையும் காப்பாற்ற வேண்டும் என்று நாங்கள் வாதிடவில்லை. எலும்போடு ஒட்டிப்போன பல், கம்பியின் இழுப்புக்கு இசையாது. வேர் மிகவும் வளைந்திருந்தாலோ, கீழ்த்தாடை நரம்பு மிக அருகில் ஓடினாலோ முடிவு மாறலாம். குடும்பத்தின் நிலையையும் கருத வேண்டும். பலமுறை மருத்துவமனைக்கு வருவதற்கு ஒரு நாள் கூலியையும் பள்ளி நாளையும் இழக்க நேரிடும். கம்பி பொருத்திய வாயைத் தூய்மையாகப் பேணாவிட்டால் புதிய சொத்தைகள் தோன்றும். இவற்றையெல்லாம் அறிந்து, ஆலோசித்து, பல்லை எடுக்க முடிவு செய்வது தவறன்று. எனினும், "ஞானப்பல் அவ்விடத்துக்கு வந்துவிடும்" என்ற நம்பிக்கையில் மட்டும் எடுக்க வேண்டாம். சிலருக்கு அவ்வாறு வருவதுண்டு. ஆனால் அது எந்தக் கோணத்தில், எந்த வடிவில் வரும் என்று எவரும் உறுதி கூற இயலாது.

ஆகவே பெற்றோரிடம் நாங்கள் வேண்டுவது இதுதான். பிள்ளைக்குப் பன்னிரண்டு வயதானதும் விளக்கொளியில் வாயின் இருபுறமும் பாருங்கள். ஒருபுறம் முளைத்த பல் மறுபுறம் சில மாதங்களாகியும் தோன்றவில்லையெனில், அல்லது பதின்மூன்று வயது கடந்தும் இருபுறமும் தோன்றவில்லையெனில், பல் மருத்துவரிடம் காட்டுங்கள். தாடை முழுவதையும் காட்டும் ஓ.பி.ஜி. எக்ஸ்ரே ஒன்றே பெரும்பாலும் நிலையைத் தெளிவாக்கிவிடும். அதைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள்: பல் எவ்வளவு சாய்ந்துள்ளது? வேர் இன்னும் வளர்கிறதா? எத்தனை முறை வர வேண்டும்? பல் நகராவிட்டால் அடுத்து என்ன? இவற்றுக்கு விடை பெற்ற பிறகு நீங்கள் எடுக்கும் முடிவு எதுவாயினும், அது தெரிந்து எடுத்த முடிவாக இருக்கும்.