கோனும் நுங்கு வண்டியும்

பாளையம்பட்டியில் தறிச் சத்தம் கேட்கும் தெருக்களில் நூல் தீர்ந்த காகிதக் கோனுக்குப் பஞ்சமில்லை. பஞ்சுத் தூசியைத் துடைத்து, இரண்டு வயதுப் பிள்ளையிடம் நாலைந்தைக் கொடுத்துப் பாருங்கள். ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகும், உருவும், கண்ணில் வைத்துத் தெருவைப் பார்க்கும், காதில் வைத்துப் பேசும். கோடை வந்தால் நுங்கு வண்டி: தோண்டித் தின்ற இரண்டு நுங்குக் காய், நடுவே அச்சாக ஒரு குச்சி, தள்ள ஒரு கவட்டைக் கம்பு. பட்டம் பெற்ற டிசைனராலும் இதிலிருந்து ஒன்றைக்கூடக் கழிக்க முடியாது.

‘மாண்டிசோரி பொம்மை’ என்று ஆன்லைனில் விற்பதையெல்லாம் வாங்கிக் குவிக்கும் பெற்றோர் கவனிக்க: 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்த மாண்டிசோரி அம்மையாரின் முறையில், தண்ணீர் ஊற்றுவதும் மேசை துடைப்பதும்கூடப் பாடம்தான். வீணாகும் பொருளில் பொம்மை செய்து காட்டிய அரவிந்த் குப்தாவுக்கு (கான்பூர் ஐஐடியில் படித்தவர்!) 2018இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

ஒன்றில் மட்டும் கறாராக இருங்கள். புளியங்கொட்டை, நாணயம், பட்டன் பேட்டரி எதுவும் பிள்ளையின் கைக்கு எட்டவே கூடாது.