மழைக்கு இருந்த மரியாதை

சில மாதங்களுக்கு முன் ஒரு கருத்தரங்கில் தாது வருஷப் பஞ்சம் பற்றிய பாடல்கள் குறித்துக் கட்டுரை வாசித்தேன். முடித்ததும் வரலாற்றுத் துறை நண்பர் ஒருவர் எழுந்தார். "கும்மியையும் விலாசத்தையும் வைத்துக்கொண்டு வரலாறு பேசாதீர்கள். பிறப்பு, இறப்பு, நோய், மழை என்று எல்லாவற்றையும் வெள்ளைக்காரன் எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறான். நம்மவர்கள் பாடினார்கள், அவ்வளவுதான்" என்றார். அரங்கில் நல்ல கைதட்டல். நேரமின்மையால் அன்று சொல்லாமல் விட்ட பதிலை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒப்புக்கொள்ள வேண்டியதை ஒப்புக்கொண்டுவிடலாம். வெள்ளைக்காரன் மழையை எழுதிவைத்தான்; அதுவும் ஒழுங்காக. நுங்கம்பாக்கத்தில் 1792இல் கிழக்கிந்தியக் கம்பெனி வானாய்வகம் அமைத்தது. 1796 முதல் வானிலைக் குறிப்புகளும், 1813 முதல் மழையளவும் அங்கே பதிவாயின. ஆசியாவில் கணித அறிவியலை நட்டது ஆங்கிலேயரின் தாராள குணமே என்று அறிவிக்கும் கருங்கல் தூண் இன்றும் அந்த வளாகத்தில் நிற்கிறது. ஆரியபட்டர் பிறந்த நாட்டில் இப்படியொரு கல்வெட்டைப் பொறிக்கத் தனித் துணிச்சல் வேண்டும். இருந்தாலும் அங்கே திரண்ட எண்கள் பொய்யில்லை. 1904 முதல் 1924 வரை இந்திய வானிலைத் துறைக்குத் தலைமை வகித்த கில்பர்ட் வாக்கர், பல நாடுகளிலிருந்து திரட்டிய இத்தகைய பதிவுகளைக் கொண்டுதான் 'தென் அலைவு' என்ற கருத்தை உருவாக்கினார். எல் நினோ பற்றி இன்று நாம் பேசுவதற்கு அதுவும் ஓர் அடிப்படை.

ஆனால், மழையை எழுதிய அதே கை மரணத்தையும் அப்படியே எழுதியதா? மழைமானியைப் பார்க்கச் சம்பளத்துக்கு ஆள் இருந்தான்; நேரமும் குறிக்கப்பட்டிருந்தது. கிராமத்துச் சாவை எழுத வேண்டியவர்களோ வரிவசூல் முதலிய நூறு வேலைகளுக்கிடையே இருந்த ஊர் முன்சீபும் கணக்குப்பிள்ளையும். அவர்களுக்குத் தகவல் கொண்டுவருபவன் வெட்டியான் அல்லது தலையாரி. ஆக, 'வெள்ளைக்காரன் எழுதியது' என்று நண்பர் வியந்த பதிவேட்டின் முதல் வரியை எழுதியது, பாடத்தான் தெரியும் என்று அவர் சொன்ன அதே நம்மவர்தான். பஞ்சம் கடுமையானபோது அந்த வெட்டியானும் பசியால் ஊரைவிட்டுப் போயிருப்பான், அல்லது செத்திருப்பான். சாலையோரத்தில் விழுந்தவன் எந்த ஊர்க் கணக்கு? இலங்கைத் தோட்டங்களுக்கு நடந்த வழியில் இறந்தவன் யார் கணக்கு? சாவு மிகுந்த நேரத்தில்தான் பதிவு சிதைந்தது. சென்னை மாகாணத்துக்கெனப் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் வந்தது 1899இல். பஞ்சம் முடிந்து இருபது ஆண்டுகளுக்கும் பிறகு.

எழுதிய சாவுகளுக்கும் என்ன பெயர் கொடுத்தார்கள்? ஆண்டறிக்கைகளின் கட்டங்களைப் பாருங்கள்: காலரா, அம்மை, காய்ச்சல், வயிற்றுக் கோளாறு, காயம், இதர காரணங்கள். 'பட்டினி' என்ற கட்டம் இல்லை. மூன்று மாதம் கிழங்கும் இலையும் தின்று வயிறு கழிந்து செத்தவன் 'வயிற்றுக் கோளாறு' ஆனான். இதன் விளைவு என்ன? 1876 முதல் 1878 வரையிலான அந்தப் பஞ்சத்தில் ஐம்பது லட்சத்துக்கும் மேல் இறந்தார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. ஆனால் ஆய்வாளருக்கு ஆய்வாளர் அது லட்சக்கணக்கில் மாறுகிறது. சென்னையில் பெய்த மழையைத் தசம எண்ணில் சொல்லலாம். செத்த மனிதர்களை லட்சத்துக்குக் கிட்டத்தில்கூடச் சொல்ல முடியாது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. பஞ்சம் நடந்துகொண்டிருந்த 1877இலேயே, புள்ளிவிவர அதிகாரி வில்லியம் ஹண்டர் சென்னையின் மழைப் பதிவுகளைச் சூரியப் புள்ளிகளோடு பொருத்தி, பஞ்சம் ஒரு சுழற்சியில் வருவது என்று எழுதினார். தானிய ஏற்றுமதியைத் தடுக்க லிட்டன் அரசு மறுத்துவிட்ட நேரம் அது. பழி சூரியன் மேல் போயிற்று. எண்கள் சரியாக இருந்தாலும் அவற்றைக்கொண்டு சொல்லப்படுவது சரியாக இருக்க வேண்டும் என்பதில்லை.

இதைப் படித்துவிட்டு, 'காலனி ஆவணங்கள் எல்லாம் பொய்' என்று எதிர்முகாம் நண்பர்கள் மகிழ வேண்டாம். அவர்களோடும் எனக்குச் சண்டை உண்டு. நிவாரண வேலை செய்தவனுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் சில்லறைக் காசும் போதும் என்று ரிச்சர்ட் டெம்பிள் விதித்தபோது, அது உயிர்வாழப் போதாது என்று எதிர்த்தவர் சென்னையின் சுகாதார ஆணையர் கார்னிஷ். அவருடைய ஆயுதமும் மரணக் கணக்குதான். குறையுள்ள பதிவேடுகூட அதை எழுதச்சொன்ன அரசுக்கு எதிராகச் சாட்சி சொல்லும், கேட்கத் தெரிந்தவன் கேட்டால்.

கேட்கத் தெரிவதற்குத்தான் இலக்கியம் வேண்டும் என்கிறேன். வில்லியப்ப பிள்ளையின் 'பஞ்சலட்சணத் திருமுக விலாச'த்தில் மதுரைச் சொக்கநாதர் தம்மை அண்டியவர்களின் பஞ்சம் தீர்க்க வழியில்லாமல், சிவகங்கை ஜமீன்தாருக்குக் கடிதம் எழுதி அனுப்புகிறார். கடவுளே சிபாரிசுக் கடிதம் கொடுக்க வேண்டிய காலம்! நிவாரணம் என்பது மனுவும் தகுதிச் சோதனையுமாகிப் போன நிலையை இதைவிடத் தெளிவாக எந்த அட்டவணை சொல்லும்? கவிதை எண்ணிக்கை தராது, உண்மைதான். பதிவேட்டில் எந்தக் கட்டம் விடுபட்டிருக்கிறது என்பதை அது காட்டும்.

என் பாட்டியின் பிறப்புப் பதிவைத் தேடி ஓர் அலுவலகத்துக்குப் போயிருக்கிறேன். கிடைத்தது, தகப்பன் பெயர் இருந்தது, சாதி இருந்தது, குழந்தையின் இடத்தில் 'பெண்' என்று மட்டும் இருந்தது. அடுத்த கட்டில் இருந்த ஏடுகளைக் கேட்டேன். செல்லரித்துவிட்டதாம். "அதை வைத்து என்ன சார் செய்யப் போறீங்க?" என்றார் எழுத்தர். பதிவேட்டைப் போற்றுகிற நண்பரும் சரி, தூற்றுகிற நண்பரும் சரி, அந்தச் செல்லைத் தட்டிவிட ஒருநாள் போனதுண்டா?

இது பழங்கதையும் அன்று. 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளில் இந்தியாவில் நாற்பத்தேழு லட்சம் மிகை மரணங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. அரசின் கொரோனா கணக்கு ஐந்து லட்சத்தைத் தொடவில்லை. அரசு அந்த மதிப்பீட்டை மறுத்தது. கட்டங்களின் பெயர்கள் மாறியிருக்கலாம். 'இதர காரணங்கள்' மட்டும் அப்படியே இருக்கிறது. நாளைய ஆய்வாளன் நம் பதிவேட்டை மட்டும் புரட்டி, 'இவர்கள் எல்லாவற்றையும் எழுதிவைத்திருக்கிறார்கள்' என்று கைதட்டல் வாங்குவானென்றால், செத்தவர்கள் இரண்டாம் முறையும் கணக்கில் விடுபடுவார்கள்.