பள்ளத்தில் சாய்ந்த லாரிக்குக் கட்டணப் பலகை எங்கே?

பெங்களூரிலிருந்து மங்களூர் செல்லும் 75-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில், சக்லேஷ்பூரைத் தாண்டியதும் ஷிராடி மலைப்பாதை தொடங்குகிறது. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம். ஜூனில் பிடிக்கும் மழை மாதக்கணக்கில் விடாது. 2018 ஆகஸ்டில் ஏற்பட்ட மண்சரிவால் இப்பாதை பல வாரங்கள் மூடிக் கிடந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

நாமக்கல், சங்ககிரி லாரிக்காரர்களுக்கு இது பழகிய பாதை. மங்களூரிலிருந்து சமையல் எரிவாயு ஏற்றி வரும் டாங்கர்களில் கணிசமானவை நாமக்கல் வட்டாரத்து முதலாளிகளுடையவை. ஆகவே, இங்கே ஒரு லாரி சாலையை விட்டு இறங்கிவிட்டால் அதைத் தூக்குவது யார், என்ன கூலிக்கு என்ற கேள்வி நம்மவர்களைச் சேர்ந்த கேள்விதான்.

லாரி சாய்ந்த சற்று நேரத்தில் கிரேன்காரர் வந்துவிடுகிறார். அதில் குறையில்லை. அவர் சொல்வதுதான் கட்டணம் என்பதில்தான் குறை. டிரைவர் நாலு இடத்தில் விசாரிக்க முடியாது. சரக்கு களவு போகுமோ என்ற பயம் ஒரு பக்கம். விபத்துக்குள்ளான வண்டியைக் காவலின்றி விட்டுப் போனால், அதனால் ஏற்படும் கூடுதல் சேதத்துக்கு இன்ஷூரன்ஸ் பணம் கிடைக்காது என்ற நிபந்தனை மறுபக்கம். பாஷையும் அரைகுறை. இப்படிக் கட்டுண்டு நிற்பவரிடம் நடப்பதைப் பேரம் என்று எப்படிச் சொல்வது?

இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்பார்கள். 2002-ஆம் ஆண்டின் அகில இந்திய மோட்டார் டாரிஃப் வகுத்த பாலிசியில், விபத்துக்குள்ளான லாரியைப் பாதுகாத்து, அருகிலுள்ள ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டு சேர்க்கும் செலவுக்கு வைத்த உச்சவரம்பு 2,500 ரூபாய்! பள்ளத்திலிருந்து ஒரு லாரியைத் தூக்க இது எந்த மூலைக்கு? கூடுதல் பிரீமியம் கட்டினால் இத்தொகையை உயர்த்திக்கொள்ள வழியுண்டு. தங்கள் பாலிசியில் என்ன தொகை போட்டிருக்கிறது என்று எத்தனை உரிமையாளர்கள் பார்த்திருக்கிறார்கள்?

சட்டமும் உரிமையாளரைத்தான் பிடிக்கிறது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 201-ஆவது பிரிவின்படி, பழுதான வண்டி போக்குவரத்தை மறித்து நின்றால் 500 ரூபாய் வரை அபராதம் உண்டு. அரசு அங்கீகரித்த அமைப்பு வண்டியை அகற்றினால் அச்செலவையும் உரிமையாளரிடம் வசூலிக்கலாம். வசூலிக்க உரிமை கொடுத்தவர்கள், எவ்வளவு என்பதை எழுதிப் போட வேண்டாமா? அப்படி ஒரு பலகையை இம்மலைப்பாதையில் நான் பார்த்ததில்லை.

தேசிய நெடுஞ்சாலைகளில் 1033 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் உதவி கிடைக்கும். இது நல்ல ஏற்பாடு. ஆனால் அதன் முதல் நோக்கம் பாதையைச் சீர் செய்வது. பள்ளத்தில் கிடப்பதைத் தூக்குவது வேறு வேலை.

அது தெரிந்தவர்கள் செய்ய வேண்டிய வேலையுங்கூட. ஜே.சி.பி.யைக் கொண்டு வந்து, சங்கிலியை எங்காவது மாட்டி இழுத்தால், விபத்தில் தப்பிய சேஸிஸ் மீட்பில் வளைந்துவிடும். பாரத்தை இறக்காமல் இழுத்தால் இரும்புக் கயிறு அறும். அறுந்த கயிறு ஆளை வெட்டும். காற்று பிரேக் வண்டியில் காற்று இறங்கிவிட்டால் பின்சக்கரங்கள் பூட்டிக்கொள்ளும். அதை முறைப்படி விடுவிக்க வேண்டும். பின்சக்கரங்கள் தரையில் உருள இழுத்துச் செல்வதானால் புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் எண்ணெய் ஓட்டமின்றி கியர் பாக்ஸ் தீய்ந்து போகும்.

எரிவாயு டாங்கர் கவிழ்ந்தால் விஷயம் இன்னும் பயங்கரம். 2012 ஆகஸ்டில் கண்ணூர் அருகே சாலா என்னும் ஊரிலும், 2013 ஏப்ரலில் உப்பினங்கடி அருகே பெர்ணேயிலும் டாங்கர்கள் தீப்பற்றிப் பலர் மாண்டார்கள். இத்தகைய வண்டியைத் தொடுமுன் எண்ணெய்க் கம்பெனியின் நிபுணர்கள் வந்து, கசிவைச் சோதித்து, வேண்டுமானால் எரிவாயுவை வேறு டாங்கருக்கு மாற்ற வேண்டும். கிடைத்த கிரேனை வைத்து அவசரத்தில் தூக்குகிற காரியமல்ல.

இந்த மலைப்பாதையை ஒட்டியே சக்லேஷ்பூர் – சுப்பிரமணியா ரோடு ரயில் பாதையும் 57 குகைகளைக் குடைந்து செல்கிறது. ரயில் தடம் புரண்டால் விபத்து நிவாரண ரயில் புறப்படுகிறது. 140 டன் கிரேன்களும், அதற்கென்றே பழகிய ஆட்களும் ரயில்வேயிடம் உண்டு. இன்ஜின் டிரைவரிடம் யாரும் கூலி பேசுவதில்லை. ரயில்வேயில் குமாஸ்தாவாக இருப்பவன் சொந்த இலாகாவைப் புகழ்கிறான் என்று நினைக்க வேண்டாம். தயாராக இருப்பது வேறு, அகப்பட்டதை வைத்துச் சமாளிப்பது வேறு என்பதற்காகவே சொல்கிறேன்.

கிரேன்காரர்கள் பக்கமும் நியாயம் உண்டு. லட்சக்கணக்கில் முதல் போட்ட இயந்திரம் பல நாள் சும்மா நிற்கிறது. நள்ளிரவில், மழையில், உயிரைப் பணயம் வைத்து இறங்குகிறார்கள். அவர்களுக்கு நல்ல கூலி கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் அந்தக் கூலி ஆளைப் பார்த்து, நம்பர் பிளேட்டைப் பார்த்து மாறக் கூடாது.

செய்ய வேண்டியது பெரிய காரியமல்ல. வண்டியின் எடை, பள்ளத்தின் ஆழம், தூரம், இரவு பகல் ஆகியவற்றைக் கணக்கிட்டு மாவட்ட நிர்வாகம் கட்டணம் நிர்ணயிக்கட்டும். அதைக் கன்னடத்தோடு தமிழிலும் எழுதி, மலையின் இரு முனைகளிலும் போலீஸ் நிலையங்களிலும் பலகை வைக்கட்டும். பயிற்சி பெற்ற ஆட்கள் உள்ளவர்களை மட்டும் பதிவு செய்து, ரசீதைக் கட்டாயமாக்கட்டும். ரசீது இல்லாத செலவை எந்த இன்ஷூரன்ஸ் கம்பெனி ஏற்கும்?

நம் லாரி உரிமையாளர் சங்கங்களும் சும்மா இருக்கலாகாது. இக்கோரிக்கையை ஹாசன், தட்சிண கன்னட மாவட்ட அதிகாரிகளிடம் நேரில் கொண்டு செல்லட்டும். கூடுதல் பிரீமியம் கட்டட்டும். அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்ற விவரத்தை, கன்னடத்திலும் எழுதி ஒவ்வொரு டிரைவர் கையிலும் கொடுக்கட்டும். கிரேன் கூலியைச் சம்பளத்தில் பிடிக்கும் வழக்கம் எங்கேனும் இருந்தால் அதை உடனே நிறுத்தட்டும். அடுத்த மழைக்காலத்துக்கு முன் இவற்றில் பாதியாவது நடக்குமா?