முத்துப் பற்களுக்கு ஆசைப்படுமுன்

காயல்பட்டினத்தை அடுத்த கடற்கரைச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஒரு தாய் நமக்குக் கடிதம் எழுதியிருந்தார். அவருடைய மகளுக்கு வயது 22. திருமணம் நிச்சயமாகிவிட்டது, கோவிலில் முதல் ஓலை வாசிக்க இன்னும் ஆறு வாரங்களே இருந்தன. பெண் பார்க்க வந்தவர்களுள் ஒருவர், "பெண் லட்சணமாகத்தான் இருக்கிறாள், பல்தான் கொஞ்சம் மஞ்சள்" என்று சொல்லிவிட்டுப் போனாராம். அன்றுமுதல் அந்தப் பெண் வாய்விட்டுச் சிரிப்பதே இல்லையாம்.

வளைகுடா நாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த உறவினர் ஒருவர், பல்லை வெளுக்கச் செய்யும் ஜெல்லையும், அதை இட்டுப் பல்வரிசைமேல் உறைபோல் மாட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் டிரேயையும் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். "இதைப் போட்டால் எனாமல் கரைந்துவிடாதா? மேல்வரிசையில் ஒரு முன்பல் மட்டும், சிறு வயதில் அவள் கீழே விழுந்து அடிபட்டதற்குப் பின்னர் சாம்பல் நிறமாகிவிட்டது. அதுவும் வெளுக்குமா?" என்பவை அத்தாயின் கேள்விகள். அவருக்கு உடனே தனிமடலில் பதில் எழுதினோம். எனினும் இக்கவலை பல இல்லங்களுக்குப் பொதுவானது ஆகையால், இத்திங்கள் இப்பகுதியில் அதனைச் சற்று விரிவாக எழுதுகிறோம்.

அழகிய பற்களுக்கு முத்தை உவமை சொல்லும் வழக்கம் நம்மிடம் உண்டு. முத்துக்குளித்து வாழ்ந்த இக்கடற்கரை மக்களுக்கு அந்த உவமை இன்னும் நெருக்கமானது. மன்னார் வளைகுடாவில் 1961-க்குப் பின் பெரிய முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. 1973-இல் தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார், சிப்பியை வளர்த்து உருண்டை முத்தை விளைவித்துக் காட்டினர். இன்று உலகச் சந்தைக்கு வரும் வளர்ப்பு முத்துகளில் பல, சிப்பியிலிருந்து எடுத்த நிறத்திலேயே கடைக்கு வருவதில்லை. ஹைட்ரஜன் பெராக்சைடு என்னும் திரவத்தின் நீர்த்த கரைசலில் ஊறவைத்து அவற்றை வெளுக்கச் செய்கிறார்கள். அதே பொருள்தான் பல் ஜெல்லிலும் வேலை செய்கிறது. புண்ணைக் கழுவும்போது நுரைத்துப் பொங்குகிறதே, அந்த மருந்தும் அதுவே.

பல்லின் நிறம் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் அறிய வேண்டும். பல்லின் வெளிப்போர்வையாகிய எனாமல் சற்றே ஒளி ஊடுருவும் தன்மையது. அதனடியில் உள்ள டென்டின் என்னும் பகுதி இயல்பாகவே மஞ்சள் சாயல் கொண்டது. எனாமலின் வழியே டென்டினின் நிறம் தெரிவதால், எந்த நோயும் இல்லாத பல்லும் இளமஞ்சளாகத் தோன்றலாம். வயது ஏற ஏற எனாமல் தேய்ந்து மெலிகிறது. டென்டின் நிறம் அடர்கிறது. ஆகவே பல் வெள்ளைத்தாள்போல் இருந்தால்தான் ஆரோக்கியம் என்று எண்ணுவது தவறு.

இனி, வெளியிலிருந்து ஏறும் கறை. தேநீர், காப்பி, புகையிலை, வெற்றிலைப் பாக்கு ஆகியவை இதற்குக் காரணம். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் காயல் துறைமுகத்திற்கு வந்த மார்க்கோ போலோ, இவ்வூர் மக்கள் ஓயாமல் ஓர் இலையை வாயில் இட்டு மெல்லுவதைக் கண்டு எழுதிவைத்திருக்கிறார். அருகிலுள்ள ஆத்தூரின் வெற்றிலைக்கு 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்துள்ளது. ஆகவே வெற்றிலைக் கறை நமக்குப் புதியதன்று. மேற்பரப்பில் படியும் இக்கறையையும் காரையையும் பல் மருத்துவர் சுத்தம் செய்தாலே பெரும்பாலும் நீக்கிவிடலாம். "என் பல்லுக்கு ஜெல் வேண்டும்" என்று செல்பவர்களில் சிலருக்கு இந்தச் சுத்தம் ஒன்றே போதுமானதாக இருக்கும்.

பல்லுக்குள்ளேயே ஊறிப்போன நிறத்திற்குத்தான் ஜெல் பயன்படுகிறது. வீட்டில் உபயோகிக்கும் ஜெல்லில் பெரும்பாலும் இருப்பது கார்பமைடு பெராக்சைடு. நூற்றுக்குப் பத்துப் பங்கு வலிமையுள்ள ஜெல் வாயில் உள்ள ஈரத்தில் பிரிந்து, ஏறத்தாழ மூன்றரைப் பங்கு ஹைட்ரஜன் பெராக்சைடையும் ஆறரைப் பங்கு யூரியாவையும் தருகிறது. இந்தப் பெராக்சைடின் மூலக்கூறு மிகச் சிறியது. சில நிமிடங்களிலேயே எனாமலைக் கடந்து டென்டினுக்குள் சென்றுவிடுகிறது. அங்கே நிறத்தைத் தரும் பெரிய மூலக்கூறுகளின் பிணைப்புகளை அது உடைக்கிறது. உடைந்த துண்டுகளுக்கு நிறம் குறைவு. எனவே பல் வெளிறித் தெரிகிறது. இதில் சுரண்டுதலும் இல்லை, பூச்சும் இல்லை.

இம்முறை தற்செயலாகவே கண்டுபிடிக்கப்பட்டது. 1960-களின் இறுதியில் அமெரிக்காவின் ஆர்க்கன்சாஸ் மாநிலத்தில், பல்வரிசையைச் சீராக்கும் மருத்துவரான பில் கிளஸ்மியர் என்பவர், ஈறு புண்ணாகியிருந்த நோயாளிகளுக்கு இம்மருந்தை டிரேயில் இட்டு இரவில் அணியச் செய்தார். ஈறு ஆறியதோடு பற்களும் வெளுத்திருப்பதை அவர் கண்டார். ஹேவுட், ஹேமன் என்னும் இரு பேராசிரியர்கள் 1989-இல் இம்முறையை மருத்துவ இதழில் விளக்கி எழுதிய பின்னரே இது உலகெங்கும் பரவியது.

இனி டிரேயைப் பற்றிச் சொல்வோம். நம் உமிழ்நீரில் பெராக்சைடைச் சிதைக்கும் நொதிகள் உள்ளன. ஜெல்லை வெறுமனே பல்லில் தடவினால் அவை அதை விரைவில் செயலிழக்கச் செய்துவிடும். டிரே ஒரு கரைபோல் நின்று உமிழ்நீரைத் தடுத்து, ஜெல்லைப் பல்லோடு ஒட்டவைக்கிறது. ஜெல்லில் சேர்த்துள்ள கெட்டிப்பொருள் மருந்தை மெல்ல மெல்ல வெளிவிடுகிறது. ஆதலால்தான் இரவு முழுதும் அணியும் முறை பயன் தருகிறது.

மருத்துவர் நம் பல்வரிசையை அச்செடுத்து, அதிலிருந்து பிளாஸ்டர் உருவம் வார்த்து, மெல்லிய பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கி அதன்மேல் உறிஞ்சிப் படியவைத்து, ஈறின் ஓரத்தை அனுசரித்துக் கத்தரித்துத் தருகிறார். இத்தகைய டிரே பல்லைக் கச்சிதமாகப் பற்றும். கடையில் விற்கும் பொது டிரே எல்லார் வாய்க்கும் ஒரே அளவு. அதில் ஜெல் ஈறின்மேல் வழியும். ஈறு வெளிறி எரியும். மருந்தையும் விழுங்க நேரிடும். அத்தாயின் வீட்டிற்கு வந்திருந்த டிரே இவ்வகையைச் சேர்ந்ததே.

முறைப்படி பயன்படுத்துவோர் கவனிக்க வேண்டியவை சில உண்டு. முதலில் பல்லைத் துலக்க வேண்டும். டிரேயில், பல்லின் முன்பக்கம் படும் இடத்தில், பல்லுக்கு ஒரு நெல்மணி அளவு ஜெல் போதும். வெளியே பிதுங்கினால் துடைத்துவிட வேண்டும். காலையில் வாயைக் கொப்பளித்து, டிரேயைக் குளிர்ந்த நீரில் கழுவ வேண்டும். வெந்நீர் பட்டால் அது உருமாறிவிடும். ஜெல் வெப்பத்தில் வலுவிழப்பது ஆகையால், நம் கடற்கரை வெயிலில் குளிர்பெட்டியில் வைப்பதே நலம். இரண்டு முதல் ஆறு வாரங்களில் பெரும்பாலோர்க்குப் பலன் தெரியும். அந்நாட்களில் தேநீர், வெற்றிலை, மஞ்சள் மிகுந்த குழம்பு ஆகியவற்றைக் குறைத்துக்கொள்வது நல்லது.

எனாமல் கரையுமா என்ற கேள்விக்கு வருவோம். பத்துப் பங்கு ஜெல்லை மருத்துவர் சொன்னபடி பயன்படுத்தினால் எனாமலுக்குக் குறிப்பிடத்தக்க கேடு இல்லை. பலருக்குப் பல் கூசும். ஓரிரு நாள் இடைவெளி விட்டால் அது தணியும். சொத்தையோ, வெடிப்போ, தேய்ந்த வேரோ உள்ள பல்லில் கூச்சம் கடுமையாகும். பொருத்திய செயற்கைப் பல், உறை, சாந்து அடைப்பு ஆகியவை வெளுப்பதில்லை என்பதால், சுற்றியுள்ள பற்கள் வெளுத்தபின் அவை மட்டும் தனித்துத் தெரியும். கருவுற்றவர்களும் பாலூட்டும் தாய்மாரும் இதனைத் தவிர்ப்பதே முறை. ஐரோப்பிய நாடுகளில் 2011-இல் பிறப்பித்த ஆணையின்படி, வலிமை மிகுந்த பெராக்சைடுப் பொருள்களைப் பல் மருத்துவருக்கு மட்டுமே விற்கலாம். 18 வயது நிரம்பாதவர்களுக்குப் பயன்படுத்தக் கூடாது.

எலுமிச்சைச் சாற்றையும் உப்பையும் கலந்து தேய்ப்பவர்களும், கரித்தூளால் அழுத்தித் தேய்ப்பவர்களும் நம்மிடையே உள்ளனர். புளித்த சாறு முத்தின் பளபளப்பை எவ்வாறு அரிக்குமோ, அவ்வாறே எனாமலையும் அரிக்கும். போன எனாமல் மீண்டும் வளராது. அது தேயத் தேய அடியிலுள்ள மஞ்சள்தான் மேலும் வெளிப்படும்.

இப்போது அந்தச் சாம்பல் நிறப் பல்லைப் பற்றி. அடிபட்ட பல் நிறம் மாறினால், உள்ளிருக்கும் நரம்பும் இரத்தக் குழாயும் அழிந்திருக்கக்கூடும். வலி இல்லாமலே வேர்நுனியில் சீழ் சேர்ந்திருக்கலாம். அதன்மேல் ஜெல் தடவுவது, உளுத்த சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பது போன்றது. "எதையும் போடுமுன் எக்ஸ்-ரே எடுத்துப் பாருங்கள்" என்று அத்தாய்க்கு எழுதினோம்.

அவர்கள் தூத்துக்குடிக்குச் சென்று பல் மருத்துவரைப் பார்த்தார்கள். ஐயம் உண்மையாயிற்று. வேர்நுனியில் எலும்பைத் தின்றுகொண்டு ஒரு சீழ்க்கட்டி இருந்தது. மருத்துவர் வேர்ச் சிகிச்சை செய்து, அந்தப் பல்லை மட்டும் உள்ளேயே மருந்து வைத்து வெளுக்கச் செய்தார். மற்றப் பற்களுக்குக் காரை நீக்கியதே போதும் என்றும் சொல்லிவிட்டார். ஜெல் புட்டி திறக்கப்படாமலே இருக்கிறது. "அந்த மனிதர் குறை சொல்லாதிருந்தால் நாங்கள் பல்லைக் கவனித்திருக்கவே மாட்டோம்" என்று தாய் மறுமடலில் எழுதியிருக்கிறார். அவருடைய பெருந்தன்மை அது.

நிறமாற்றம் சில வேளைகளில் உடல் அனுப்பும் செய்தி, படிக்காமல் அழித்துவிடலாகாது. குழந்தையின் நிலைத்த பற்களில் சுண்ணாம்புக் கோடுகளோ பழுப்புத் திட்டுகளோ காணப்பட்டால், குடிநீரில் ஃபுளோரைடு மிகுதியா என்று பார்க்க வேண்டும். லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேற்பட்டால் அந்நீர் குடிக்கத் தகாதது. அக்குடும்பத்திற்கு முதலில் வேண்டியது நல்ல தண்ணீர்.

பாக்கும் புகையிலையும் மெல்லும் பெரியவர்கள் பல்லின் கறையைவிடக் கன்னத்தின் உட்புறத்தைக் கண்ணாடியில் பார்க்க வேண்டும். ஆறாத புண், வெள்ளைத் திட்டு, செந்திட்டு, வாயைத் திறக்க முடியாத இறுக்கம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் உடனே மருத்துவரிடம் காட்டுக. புகையிலை சேராத வெற்றிலைப் பாக்கும் புற்றுநோய்க்குக் காரணம் என்று உலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004-இல் வெளியிட்ட நூலில் உறுதிசெய்துள்ளது. பற்பசையிலும் பற்பொடியிலும் புகையிலை சேர்ப்பதை நம் நடுவண் அரசு 1992-இலேயே தடைசெய்துவிட்டது.

இறுதியாக, பெண் பார்க்கச் செல்லும் பெரியோர்க்கு ஒரு சொல். ஒரு பெண்ணின் சிரிப்பை நிறுத்த ஒரு வாக்கியம் போதுமாயிருந்தது. பல்லின் நிறத்தைச் சில வாரங்களில் மாற்றிவிடலாம். காயப்பட்ட மனத்துக்கு அத்தகைய ஜெல் எதுவும் இல்லை. இந்தத் திருமணத்தில் அந்தப் பெண் வாய்விட்டுச் சிரிக்க வேண்டும் என்று வாழ்த்துகிறோம்.