சேகோ ஆலைக் கழிவுநீர்... கிணற்றுக்குக் கேடு, அடுப்புக்கு எரிவாயு!

கேள்வி: சேகோ ஆலைக் கழிவுநீரால் சுற்றுவட்டாரக் கிணறுகள் கெட்டுப்போகின்றன. ஆலையை மூடினால் மரவள்ளிக்கு விலை கிடைக்காது. இரண்டு தரப்புக்கும் பாதகமில்லாத வழி உண்டா?

- வாசகர் ஒருவர், ஆத்தூர், சேலம் மாவட்டம்.

பதில்: உண்டு. கழிவுநீரைத் திறந்த குட்டையில் விடாமல், மூடிய கலனில் விட்டு எரிவாயு எடுப்பதுதான் அந்த வழி. சேலம், நாமக்கல் மாவட்டங்களில் பல ஆலைகள் இதைச் செய்து வருகின்றன.

கிழங்கைக் கழுவி, அரைத்து, மாவைப் படிய வைத்த பிறகு வெளியேறும் நீரில் மாவுச்சத்து மிச்சமிருக்கும். திறந்தவெளியில் தேங்கினால் அது புளித்து நாறும், அமிலத்தன்மை கூடும். மரவள்ளியில் இயற்கையாகவே உள்ள சயனைடும் ஓரளவு அதில் கலந்திருக்கும். இந்தத் தண்ணீர் தொடர்ந்து நிலத்தில் இறங்கினால், கிணற்று நீரில் நிறமும் வாடையும் மாறிவிடும்.

கிணற்றைக் கெடுக்கும் அதே மாவுச்சத்துதான் எரிவாயுவுக்கு மூலப்பொருள். சாண எரிவாயுக் கலனில் நடப்பதுதான் இங்கும் நடக்கிறது. காற்றுப் புகாத இடத்தில் நுண்ணுயிரிகள் அதைச் சிதைத்து மீத்தேனாக மாற்றுகின்றன. 1 கன மீட்டர் எரிவாயு, சுமார் அரை லிட்டர் டீசலுக்கு ஈடு. ஜெனரேட்டர் ஓட்டலாம், ஜவ்வரிசி வறுக்கும் அடுப்பையும் எரிக்கலாம். விறகு, மின்சாரச் செலவு குறையும். திப்பியை மாட்டுத்தீவனமாக விற்றுக் காசாக்கும் ஆலைகள், தண்ணீரையும் இப்படிக் காசாக்க முடியும்.

சிக்கல்களும் உண்டு. ஆரம்ப முதலீடு அதிகம். கிழங்கு வரத்து இல்லாத மாதங்களில் நுண்ணுயிரிகளுக்குத் தீனி கிடைக்காது. வெண்மைக்காகச் சேர்க்கும் ரசாயனம் கலந்தால் அவை செத்துவிடும். எரிவாயு எடுத்ததோடு வேலை முடிந்துவிடாது. வெளிவரும் நீரைக் காற்றூட்டி, கசடு தெளியவைக்க வேண்டும். பாசனத்துக்கு விடும் கழிவுநீரில் அமில-காரநிலை 5.5 முதல் 9 வரை இருக்கலாம், பி.ஓ.டி. அளவு லிட்டருக்கு 100 மில்லி கிராமைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான விதி.

விவசாயிகள் செய்ய வேண்டியது என்ன?

* அரவை தொடங்கும் முன்பு ஒருமுறை, அரவை நடக்கும்போது ஒருமுறை கிணற்று நீரைப் பரிசோதித்து, முடிவுகளைப் பத்திரப்படுத்துங்கள். மோட்டாரைச் சிறிது நேரம் ஓடவிட்டு, சுத்தமான பாட்டிலில் நீர் பிடிக்க வேண்டும்.

* ஆலைக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை நடப்பில் உள்ளதா என்று, வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி கேளுங்கள்.

* கழிவுநீர் வெளியேறினால், தேதியுடன் படம் எடுத்து அதே அலுவலகத்தில் மனு கொடுங்கள். மாதந்தோறும் மாவட்ட ஆட்சியர் நடத்தும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்திலும் மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

மனுவில், ஆலையை மூடச் சொல்வதைவிட குட்டையை மூடிக் கலன் அமைக்கச் சொல்லிக் கேளுங்கள். கிணறும் பிழைக்கும், கிழங்குக்கும் விலை நிற்கும்.